சாம்பல் தீவுக்கு ஒரு ரிட்டர்ன் டிக்கெட்!

இண்டஸ்ட்ரியல் விசிட்ங்கிற பேர்ல சுத்த வேண்டிய ஊரெல்லாம் சுத்தியாச்சு. செமஸ்டர் லீவு இன்னும் பத்து நாள் மிச்சம் இருக்கு. பர்ஸ்ல மட்டும் எதுவும் மிச்சம் இல்லை. இந்த நிலைமையில் இருக்கும் உங்களுக்காகவே ஒரு டூர். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். பழைய லேப்டாப் ஒண்ணு போதும்!

ஊர் பேரு வார்டன்ஃபெல். நடுவில் ஓர் எரிமலை. சுற்றிலும் சாம்பல் காடு, சதுப்பு நிலம், மாடி வீடு உசரத்துக்கு வளர்ந்த காளான்கள். மேப்பில் தேடாதீங்க, கிடைக்காது. 2002 மே மாதம் பெதஸ்டா என்ற அமெரிக்க கம்பெனி வெளியிட்ட 'மாரோவிண்ட்' என்ற கம்ப்யூட்டர் கேமுக்குள் இருக்கிற தீவு அது. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் மூணாவது. உங்களில் பலருக்கு 'ஸ்கைரிம்' தெரிஞ்சிருக்கும். அது 2011-ல் பிறந்த தம்பி. இவர் அண்ணன்.

அண்ணன்னு சொன்னதும் எழுந்து நின்னு கும்பிடாதீங்க. இந்த அண்ணனுக்கு நடை ரொம்ப ஸ்லோ, கண் பார்வை மங்கல், சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்ற வியாதி வேற. ஆனாலும் இருபது வருஷத்துக்கு மேலாகியும் ஜனங்க இவரைத் தேடிப் போய்க்கிட்டே இருக்காங்க. என்னதான் இருக்கு அங்கே? வாங்க, ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வரலாம்.

இறங்கினதும் ஃபாரம் ஃபில்லப்!

ஒரு கைதிக் கப்பலில் கண் முழிக்கிறீங்க. பக்கத்தில் ஜியூப் என்று ஒரு ஆசாமி, "உன் பேரு என்ன?" என்கிறார். பேரை டைப் பண்ணுங்க. கப்பல் நிக்குது. காவலர் உங்களை ஓர் அரசு ஆபீஸுக்குக் கூட்டிப் போகிறார். அங்கே ஒரு கிழவர் மேஜையில் பேப்பரை வெச்சுக்கிட்டு என்ன தொழில், என்ன ராசி என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார். மத்த கேம்களில் மெனுவுக்குள் முடிஞ்சு போற சமாசாரம், இங்கே சுங்க ஆபீஸ் ஃபாரமாக மாறி நிற்கிறது. முதல் அஞ்சு நிமிஷத்திலேயே உங்களுக்கு ஒண்ணு புரிஞ்சு போகும். நீங்க இந்த ஊர்க்காரர் இல்லை.

கையில் ஒரு பார்சலைக் கொடுத்து, "பால்மோரா ஊரில் கயஸ் கோசாடஸ் என்று ஒருத்தர் இருப்பார், கொடுத்துடு" என்பார்கள். கதவு திறக்கும். அவ்வளவுதான்! 'இங்கே போ, அங்கே நில்' என்று சொல்ல யாருமில்லை. பார்சலைப் பையிலேயே போட்டுக்கிட்டு மாசக்கணக்கா ஊர் சுத்தினாலும் கேட்க ஆளில்லை.

நீங்க இறங்கின இடம் செய்டா நீன். நாலு குடிசை, ஒரு கலங்கரை விளக்கம், நிறைய சேறு. ஃபார்காத் என்ற குட்டி ஆசாமி 'என் மோதிரத்தைக் காணோம்' என்று புலம்புவார். அது ஆபீஸ் முற்றத்துப் பீப்பாய்க்குள் கிடக்கும். திருப்பிக் கொடுத்தா அவருக்கும் சந்தோஷம், அவர் சிநேகிதரான கடைக்காரருக்கும் உங்க மேல் பிரியம். ஆனா அதே ஊரில் இன்னொருத்தர், 'அந்தாள் காசை எங்கே பதுக்குறான்னு பார்த்துச் சொல்லு' என்று உங்களையே உளவு பார்க்கச் சொல்வார். ராத்திரி கலங்கரை விளக்கத்து மேல ஏறி நின்னா, ஃபார்காத் சதுப்புக்குள் பதுங்கிப் பதுங்கிப் போவது தெரியும். பகலில் யாருக்கு நல்லவரா இருந்தீங்களோ, ராத்திரி அவர் உண்டியலையே உடைக்கலாம். உடைக்காமலும் விடலாம். உங்க இஷ்டம்.

ஊரைத் தாண்டி நாலு எட்டு வைங்க. 'ஆஆஆ...' என்று ஓர் அலறல். வானத்திலிருந்து ஒரு மந்திரவாதி தொப்பென்று விழுந்து செத்துப் போவார். அவர் பையில் மூணு மந்திரச் சுருள்கள். ஒண்ணை எடுத்துப் படிச்சுட்டுக் குதிச்சா, குதிக்கும் திறமை 7 விநாடிக்கு 1000 புள்ளி கூடும். பாதித் தீவைத் தாண்டிப் பறப்பீங்க. சூப்பர்! ஆனா இறங்கும்போது? அந்த மந்திரவாதி எப்படிச் செத்தார் என்பது அப்போதான் உறைக்கும். (தரையைத் தொடுறதுக்கு முன்னாடி இரண்டாவது சுருளைப் படிச்சா பிழைக்கலாம். யாரிடமும் சொல்லாதீங்க!)

அடிச்சா விழணும்ல?

இனிமேதான் அழுகை. முதல் குகைக்குள் போறீங்க. எதிரில் ஒரு எலி. கத்தியை ஓங்கி வெட்டுறீங்க. கத்தி எலி உடம்புக்குள் போய் வெளியே வர்றது கண்ணுக்குத் தெரியுது. எலிக்கு ஒண்ணும் ஆகலை! மறுபடி வெட்டு. ம்ஹூம். பத்து வெட்டில் ரெண்டுதான் படும். எலியோ உங்களைக் கடிச்சுக்கிட்டே இருக்கும்.

ரகசியம் என்னன்னா, நீங்க வெட்டும் ஒவ்வொரு தடவையும் திரைக்குப் பின்னால் கேம் தாயம் உருட்டுது. உங்க ஆயுதத் திறமை, அதோட சுறுசுறுப்பில் அஞ்சில் ஒரு பங்கு, அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கு, எல்லாத்தையும் கூட்டுங்க. களைப்பில்லாம இருந்தா அதை 1.25-ஆல் பெருக்கணும். ஓடி ஓடி மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தா 0.75-ஆல். திறமை 10, மத்த ரெண்டும் 40 என்று வெச்சுக்குங்க. தெம்பா இருந்தா நூத்துக்கு 27 வெட்டு படும். களைச்சுப் போயிருந்தா 16. எதிராளி விலகுவதையும் கழிச்சா இன்னும் கம்மி. அதே ஆள் திறமை 40 இருக்கிற ஆயுதத்தை எடுத்தா நூத்துக்கு 65!

இந்தக் கணக்கு, பேப்பரும் பென்சிலும் வெச்சுக்கிட்டு மேஜையைச் சுத்தி உட்கார்ந்து ஆடும் பழைய ஆட்டங்களிலிருந்து வந்தது. அங்கே 'உன் அடி தவறிடுச்சு' என்று ஒருத்தர் வாயால் சொல்வார், நீங்க மனசுக்குள் கற்பனை பண்ணிக்குவீங்க. இங்கே படுறதைக் கண்ணால் காட்டிட்டு 'படலை' என்கிறது கேம். எதிராளி குனிஞ்சு தப்பிக்கிற மாதிரி ஒரு அசைவு காட்டியிருந்தாலாவது மனசு ஆறும். அதுவும் கிடையாது. 2002-ல் விட்ட ஓட்டை, இன்னிக்கும் ஓட்டைதான். இதுக்கு வக்கீல் வேலை பார்க்க நாம தயாரில்லை.

வழி கேட்டுக் கேட்டு...

இப்போதைய கேம்களில் எங்கே போகணுமோ அங்கே ஓர் அம்புக்குறி மினுக்கும். நீங்க அம்புக்குறியைப் பார்த்துக்கிட்டே ஓடுவீங்க. போய்ச் சேர்ந்ததும் வழியில் என்ன இருந்ததுன்னு கேட்டா முழிப்பீங்க. இந்த வரிசையிலேயே 2006-ல் வந்த 'அப்ளிவியன்'தான் அந்தப் பழக்கத்தை ஆரம்பிச்சு வெச்சது.

மாரோவிண்டில் அம்புக்குறியே கிடையாது. ஆளைக் கேட்கணும். அவர் சொல்வார். 'பால்மோராவிலிருந்து மூன்மாத் கோட்டைப் பக்கம் போ, பழைய குள்ளர்கள் கட்டின பாலம் ஒண்ணு வரும், பள்ளத்தாக்கைத் தாண்டு' என்கிற ரீதியில். அதை டைரியில் எழுதிக்கிட்டு நடக்கணும். பாலம் எது, பாறை எது என்று ஒவ்வொண்ணையும் உத்துப் பார்க்கணும். அப்படி ஒரு தடவை போன வழி ஆயுசுக்கும் மறக்காது.

சில சமயம் வழி சொல்றவரே தப்பா சொல்வார். 'வடக்கு' என்பார், கிழக்கே இருக்கும். நிஜ உலகத்தில் நமக்கு இது புதுசா என்ன? ஆனா அந்த டைரி இருக்கே, அதுதான் பெரிய கொடுமை. நடந்ததை எல்லாம் தேதி வாரியா ஒரே நீளத்துக்கு எழுதி வெச்சிருக்கும். மூணு வாரம் முன்னாடி யாரோ சொன்ன வழியைத் தேடணும்னா நூறு பக்கம் புரட்டணும். வேலை வாரியாப் பிரிச்சுப் பார்க்கிற வசதி, அந்த வருஷக் கடைசியில் 'டிரிப்யூனல்' என்ற கூடுதல் பாகம் வந்தப்போதான் கிடைச்சது.

ஆர்க்ங்தாண்ட் என்ற இடிபாட்டுக்குள் போய் ஒரு குட்டிப் பெட்டியை எடுத்துட்டு வரச் சொல்வாங்க பாருங்க... முதல்ல கதவே திறக்காது. தள்ளி ஒரு குழாயில் இருக்கிற திருகுபிடியைத் திருப்பணும். உள்ளே போனா, இருட்டில் ஏதோ ஒரு அறையில், ஏதோ ஒரு அலமாரித் தட்டில், கை அகலத்துக்கு ஒரு பெட்டி. அதைத் தேடி மணிக்கணக்கா அலைஞ்சவங்க உலகம் முழுக்க இருக்காங்க. கல்லூரி ரீயூனியனில் மெஸ் சாம்பாரைப் பற்றிப் பேசுற மாதிரி, இந்த கேம்காரங்க ரெண்டு பேர் சந்திச்சா அந்தப் பெட்டியைப் பற்றித்தான் பேசுவாங்க.

பூச்சி பஸ்!

நினைச்ச ஊருக்கு மேப்பைத் தட்டினதும் போய் இறங்குற வசதியும் இங்கே இல்லை. அதுக்குப் பதிலா நிஜமான போக்குவரத்து இருக்கு. சில்ட் ஸ்ட்ரைடர் என்று ஒரு பிரமாண்டப் பூச்சி. தென்னை மர உசரத்துக்குக் கால்கள். ஓட்டைக் குடைஞ்சு உள்ளே சீட்டு போட்டிருப்பாங்க. ஸ்டாப்பிங்கில் நின்னு காசு கொடுத்து ஏறணும். செய்டா நீனிலிருந்து பால்மோரா, சூரான், விவெக், க்னிசிஸ் நாலு ஊருக்கும் வண்டி உண்டு. அதுக்கு மேல போகணும்னா இறங்கி மாறணும். கடலோர ஊர்களுக்குப் படகு. மந்திரவாதிகள் சங்கத்துக்குப் போனா, அவங்க கிளை இருக்கிற அஞ்சு ஊருக்குள் கண் இமைக்கிற நேரத்தில் போகலாம். ஆபத்துன்னா பக்கத்துக் கோயிலுக்குக் கொண்டு போய் விடுற மந்திரம் ஒண்ணு. ஓர் இடத்தில் குறி போட்டு வெச்சுட்டு எங்கிருந்தும் அங்கே திரும்புற மந்திரம் ஒண்ணு.

முதல் வாரம் எரிச்சலா இருக்கும். மூணாவது வாரம், 'அங்கேர்ந்து படகைப் பிடிச்சா இங்கே வந்து பூச்சி மாறலாம்' என்று உங்க வாயாலேயே ரூட் சொல்வீங்க. ஒரு ஊர் நம்ம ஊர் ஆகிறது அப்படித்தானே? எந்த பஸ் எங்கே நிக்கும்னு தெரிஞ்ச பிறகுதானே!

பார்க்க வேண்டிய ஊர்கள்

ஆல்ட்ரூன்: இங்கே ரெடோரன் வம்சத்துப் பெரிய மனுஷங்க குடியிருப்பது எப்பவோ செத்துப்போன ஒரு ராட்சச நண்டின் ஓட்டுக்குள்! பாதி நாள் சாம்பல் புயல். நடக்கிறவங்க கையால் முகத்தை மறைச்சுக்கிட்டே நடப்பாங்க. நீங்களும்தான்.

சத்ரித் மோரா: டெல்வானி மந்திரவாதிகள் ஊர். வீடுகளைக் கட்டுறதில்லை, வளர்க்கிறாங்க. எல்லாம் காளான் கோபுரம். உள்ளே படிக்கட்டு கிடையாது. பறக்கத் தெரியாதவன் எங்களை வந்து பார்க்க வேண்டாம் என்பது அவங்க கொள்கை. திமிர் என்றால் இதுதான் திமிர்!

விவெக்: உயிரோடு இருக்கிற ஒரு கடவுளின் பெயரையே வெச்ச நகரம். தண்ணீருக்கு நடுவே வரிசையா மலை மலையாக் கட்டடங்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தா எல்லாக் கட்டடமும் ஒரே அச்சு. எந்தக் கதவு எங்கே போகும்னு தெரியாம சுத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான். ஊர் சலிக்கும். ஆனா கோயிலுக்கு மேல நிமிர்ந்து பாருங்க. வானத்தில் ஒரு பெரும் பாறை தொங்கிக்கிட்டிருக்கும். விழுந்துக்கிட்டிருந்ததை அந்தக் கடவுள் தன் சக்தியால் நிறுத்தி வெச்சிருக்கார். அதுக்குள்ளேயே ஒரு சிறைச்சாலை வேற. கீழே ஜனங்க எதுவுமே நடக்காத மாதிரி கடை கண்ணிக்குப் போய் வந்துக்கிட்டிருப்பாங்க. இந்தப் பாறையை மறந்துடாதீங்க. பின்னாடி வேலை இருக்கு.

நின்ன இடத்தில் நிற்கும் மனுஷங்க

ஊரெல்லாம் அழகு, சரி. ஊர்க்காரங்க? அங்கேதான் வண்டி பஞ்சர். காலையில் கடையில் நிற்கிறவர் நடு ராத்திரியும் அங்கேயே நிற்பார். தூக்கம் கிடையாது, சாப்பாடு கிடையாது. யாரிடம் போய் 'என்ன விசேஷம்?' என்று கேட்டாலும் முந்தின ஆள் சொன்ன அதே பத்தி, அதே கமா, அதே புள்ளியோடு வரும். குரல் கொடுத்துப் பேசுவதெல்லாம் ஒண்ணு ரெண்டு வரிதான், மிச்சமெல்லாம் படிக்கணும்.

கடைக்காரங்க வேடிக்கை தனி. ஒரு கடையில் ஒரு பொருளைச் சுட்டீங்கன்னு வைங்க. அப்புறம் அதே ரகத்தில் வேறொண்ணை நேர்மையா காசு கொடுத்து வாங்கி அதே கடையில் விற்கப் போனாலும், 'அது என்னுது!' என்று கத்துவார். தூங்கவே தூங்காத மனுஷருக்கு ஞாபகசக்தி மட்டும் எங்கேயோ இடிக்கும்.

அப்புறம் கிளிஃப் ரேசர். வௌவாலும் பல்லியும் கல்யாணம் பண்ணிப் பெத்த மாதிரி ஒரு பறவை. நீங்க எங்கே போனாலும் கத்திக்கிட்டே பின்னாடி வரும். ஒண்ணை அடிச்சா மூணு வரும். 'எதிரி பக்கத்தில் இருக்கான், தூங்க முடியாது' என்று கேம் சொல்லும். நிமிர்ந்து பார்த்தா இதுதான். ஆட்டக்காரர்கள் திட்டின திட்டு கம்பெனிக்கே கேட்டிருக்கும் போல. பின்னாடி வந்த கேம்களில், இந்தப் பறவைகளையெல்லாம் அந்தத் தீவை விட்டே விரட்டினார் என்பதற்காக ஒருத்தருக்குப் புனிதர் பட்டமே கொடுத்துட்டாங்க. யாருக்குத் தெரியுமா? கப்பலில் உங்க பேரைக் கேட்டாரே, அந்த ஜியூப்புக்கு!

கணக்கில் கெட்டிக்காரங்களுக்கு இன்னொரு ஓட்டை. அறிவைக் கூட்டுற மருந்து காய்ச்சிக் குடிங்க. அறிவு கூடினதும் அதே மருந்தை இன்னும் வீரியமாக் காய்ச்சலாம். அதையும் குடிங்க. இப்படியே போனா அரை மணி நேரத்தில் உங்க அறிவு கடவுள்களை எல்லாம் தாண்டிடும். கேமே நொறுங்கிடும். தடுக்கணும்னு யாருக்கும் தோணலை. அல்லது தோணியும் விட்டுட்டாங்க.

வெளியூர் ஆசாமி, நீங்க யார் பக்கம்?

இந்தத் தீவில் உங்களை யாருக்கும் பிடிக்காது. தெருவில் போனாலே 'வெளியூர்க்காரன்' என்று முகத்தைச் சுளிப்பாங்க. காரணம் இருக்கு. இது டன்மர் என்ற இருட்டு எல்ஃப்களின் மண். மேலே இருந்து ஒரு பேரரசு ஆளுது. கோட்டை கட்டி, வரி போட்டு, சுரங்கம் தோண்டுது. நீங்க வந்து இறங்கினது அந்தப் பேரரசின் கப்பலில்.

அந்த பார்சல் ஞாபகம் இருக்கா? கயஸ் கோசாடஸ் சட்டை போடாமல் ஒரு குச்சு வீட்டில் போதையில் கிடக்கும் கிழவர் மாதிரி தெரிவார். அவர்தான் இந்தத் தீவில் பேரரசின் உளவுத்துறைத் தலைவர். கொஞ்ச காலம் வேலை வாங்கின பிறகுதான் அந்தக் கடிதத்தில் என்ன இருந்ததுன்னு காட்டுவார். 'இந்த ஊர்க்காரர்கள் ஒரு மகான் மறுபிறவி எடுத்து வருவார் என்று நம்புகிறார்கள். அந்த அடையாளங்கள் இவனுக்குப் பொருந்துகிற மாதிரி இருக்கிறது. இவனைப் பயன்படுத்திக்கொள்' என்கிற அர்த்தத்தில் சக்கரவர்த்தியின் உத்தரவு!

மத்த கேம்களில் 'நீதான் தேர்ந்தெடுக்கப்பட்டவன்' என்று ஆகாயத்திலிருந்து குரல் வரும். இங்கே ஒரு அரசாங்க ஃபைல் சொல்லுது. நீங்க நிஜமாவே அந்த மகானா, இல்லை பேரரசு செட்டப் பண்ணின டூப்பா? கடைசி வரைக்கும் கேம் பளிச்சென்று சொல்லாது. அந்த மகான் எப்படிச் செத்தார் என்பதிலேயே தகராறு. போர்க் காயத்தில் செத்தார் என்கிறது கோயில். அவருடைய மூணு நண்பர்களே கொன்னுட்டுத்தான் கடவுள் ஆனாங்க என்கிறார்கள் சாம்பல் காட்டில் கூடாரம் போட்டு வாழும் பழங்குடிகள். அந்த மூணு பேரில் ஒருத்தரான விவெக்கிடமே போய்க் கேட்கலாம், அவர் தன் கதையைச் சொல்வார். எரிமலைக்குள் உட்கார்ந்திருக்கும் வில்லன் டாகோத் உர், உங்களைப் பழைய சிநேகிதனே என்றுதான் வரவேற்பான். பேரரசை விரட்டணும் என்பது அவன் லட்சியமும்தான், ஆனா அவன் பரப்புறது நோய். நூலகத்தில் புத்தகங்கள் ஒண்ணுக்கொண்ணு முரண்டு பிடிக்கும். எதை நம்புறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். வரலாறு படிக்கிற மாணவர்களுக்கு இதை விட நல்ல பிராக்டிகல் கிளாஸ் கிடைக்காது.

திறக்காத பூட்டு

சிரிச்சுக்கிட்டே தாண்டிப் போக முடியாத இடம் ஒண்ணு இருக்கு. சூரான் என்ற அழகான ஏரிக்கரை ஊர். அங்கே ஒரு சந்தை. விற்பனைக்கு இருப்பது மனுஷங்க. பூனை முகம் கொண்ட கஜீத்துகளும், பல்லி முகம் கொண்ட ஆர்கோனியன்களும் கையில் வளையம் மாட்டி நிற்பாங்க. பேரரசில் மத்த இடங்களில் அடிமைமுறைக்குத் தடை. மாரோவிண்டுக்கு மட்டும் விதிவிலக்கு. அடிபணிஞ்சப்போ போட்ட ஒப்பந்தம் அப்படி.

'இரட்டை விளக்கு' என்று ஒரு ரகசிய அமைப்பு, அடிமைகளைத் தப்ப வைக்கும். தீவின் கோமகனுடைய தம்பி பெரிய அடிமைத் தோட்டம் வெச்சிருக்கார். அந்தக் கோமகனுடைய மகளே இரட்டை விளக்கில் இருக்கா! நீங்களும் சேரலாம். சாவியைத் தேடி எடுத்து வளையத்தைக் கழட்டலாம். ஒவ்வொருத்தரா விடுதலை பண்ணலாம்.

ஆனா, எத்தனை பேரை விடுவிச்சாலும் சந்தை மூடாது. எரிமலையில் ஏறி, வில்லனை அழிச்சு, தீவையே காப்பாத்திட்டு சூரானுக்கு வந்து பாருங்க. அதே சந்தை, அதே விலை. ஜனங்க உங்களை மகான் என்று கும்பிடுவாங்க. அந்தச் சட்டத்தை மாத்த வேண்டும் என்று அவங்களிடம் சொல்ல ஒரு வரி வசனம்கூட உங்களுக்கு எழுதி வைக்கலை.

முதல் தடவை ஆடும்போது இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்லை. திரும்பப் போகும்போதுதான் உறுத்தும். சிலர் சொல்வாங்க, 'தனி மனுஷன் ஒருத்தன் ஒரு சமூகத்தைத் தலைகீழா மாத்திட முடியாதுங்கிற யதார்த்தத்தைக் காட்டுறாங்க' என்று. ஒத்துக்க முடியலை பாஸ். யதார்த்தம்னா முயற்சி பண்ண விட்டுத் தோற்க விடணும். கேட்கவே விடாம இருக்கிறது யதார்த்தம் இல்லை, எழுதாம விட்டது. எலி மேல படாத கத்தியை மன்னிச்சுடலாம். இதை மன்னிக்க மனசு கொஞ்சம் தயங்குது.

ரிப்பேர் பார்ட்டிகள்

2002-லேயே இந்த கேமின் கம்ப்யூட்டர் பதிப்போடு, கேமை உருவாக்கின கருவியையும் சேர்த்தே கொடுத்தாங்க. அன்னிலேர்ந்து ரசிகர்கள் ரிப்பேர் பார்த்துக்கிட்டே இருக்காங்க. பத்தடி தள்ளி எதுவும் தெரியாம மறைச்ச பனியை விலக்கி, எரிமலை வரைக்கும் தெரிய வெச்சாங்க. திடீர் திடீரென்று கேம் படுத்துக்கிறதைச் சரி பண்ணினாங்க. (எக்ஸ்பாக்ஸில் மெமரி தீர்ந்து போனப்போ, 'லோடிங்' படத்தைக் காட்டிக்கிட்டே மெஷினைக் கமுக்கமா ரீஸ்டார்ட் பண்ணினோம் என்று இயக்குநர் டாட் ஹாவர்ட் பல வருஷம் கழிச்சுச் சிரிச்சுக்கிட்டே சொன்னார். அடப்பாவிகளா!) 'ஓப்பன் எம்டபிள்யூ' குழுவினர் கேமின் இன்ஜினையே புதுசா எழுதி இலவசமா விட்டிருக்காங்க. 'டாம்ரியல் ரீபில்ட்' என்ற குழு, தீவுக்கு அந்தப் பக்கம் கம்பெனி செய்யாம விட்ட பெருநிலத்தை இருபது வருஷத்துக்கும் மேலா ஊர் ஊராகக் கட்டிக்கிட்டிருக்கு. யாருக்கும் சம்பளம் கிடையாது.

இதில் ஒரு விஷயம் பாருங்க. அந்தப் பெருநிலத்தில் கட்டுறவங்க அம்புக்குறி வைக்கலை. அங்கேயும் ஆளைக் கேட்டுத்தான் போகணும், பூச்சி பஸ்தான் பிடிக்கணும். எது நோய், எது சுபாவம்னு அந்த ஊரில் ரொம்ப நாள் இருந்தவங்களுக்குத்தான் தெரியும் போல.

அந்தப் பாறை...

கடைசியா ஒரு சோகச் செய்தி. கதைப்படி அந்தத் தீவு இப்போ பழையபடி இல்லை. 2009-ல் கிரெக் கீஸ் எழுதிய 'இன்ஃபெர்னல் சிட்டி' என்ற நாவலில், விவெக் நகரத்து மேல தொங்கின பாறை விழுந்துடுச்சு. எரிமலை வெடிச்சுத் தீவே நாசமாச்சு. 2011-ல் வந்த ஸ்கைரிமில் விண்ட்ஹெல்ம் நகரத்துக்குப் போனீங்கன்னா, அழுக்குப் பிடிச்ச ஒரு சந்தில் டன்மர்கள் அகதிகளாக் குடியிருக்காங்க. இப்போ 'வெளியூர்க்காரன்' என்று ஏச்சு வாங்குறது அவங்க. ஒரு காலத்தில் உங்களை அப்படித் திட்டினவங்க.

இதைத் தெரிஞ்சுக்கிட்டு மறுபடி மாரோவிண்டுக்குள் போய்ப் பாருங்க. ஃபார்காத் மோதிரத்தைத் தேடிக்கிட்டிருப்பார். கடைக்காரர் நடு ராத்திரியிலும் நின்ன இடத்திலேயே நிற்பார். பாறை விழாம தொங்கும். அசையாம நிக்கிறாங்களேன்னு அவங்களைக் கிண்டல் பண்ணினோம். இப்போ அப்படியே நிக்கட்டும்னு தோணும்.

டூர் டிப்ஸ்!

* 2002-ல் இதுக்குக் கேட்டது விண்டோஸ் எக்ஸ்பியில் 256 எம்பி ராம்தான். ஹாஸ்டலில் யார் லேப்டாப்பிலும் ஓடும். அப்பாவிடம் கிராஃபிக்ஸ் கார்டு கேட்டுத் திட்டு வாங்க வேண்டாம்.

* ஃபாரம் ஃபில்லப் பண்ணும்போதே ஏதாவது ஓர் ஆயுதத்தை முக்கியத் திறமையா எடுத்துக்குங்க. கடைசி வரைக்கும் அதையே பிடிங்க. கண்டதையும் தூக்கினா எலிகூட மதிக்காது.

* சண்டைக்கு முன்னாடி ஓடாதீங்க. நின்னு மூச்சு வாங்கிட்டு அடிங்க. பச்சை நிறக் கோடு நிரம்பியிருந்தா பாதி ஜெயிச்ச மாதிரி.

* கால்டெரா ஊரில் ஒரு வீட்டில் க்ரீப்பர் என்ற குட்டிச் சாத்தான் இருக்கான். கையில் 5000 தங்கம். பேரம் பேசாம முழு விலைக்கு வாங்கிக்குவான். நல்ல பையன்.

* முக்கியமான ஆளை நீங்க கொன்னுட்டா, 'விதியின் நூல் அறுந்தது' என்கிற மாதிரி ஒரு எச்சரிக்கை வரும். அதுக்கு மேல ஆடுவதும் விடுவதும் உங்க பாடு. அடிக்கடி சேவ் பண்ணுங்க.

* ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் வைங்க. வழி எழுதிக்க. செமஸ்டர் முழுக்க எடுக்காத நோட்ஸை இங்கே எடுப்பீங்க... ஹி... ஹி...

போயிட்டு வாங்க. சூரான் சந்தைப் பக்கம் போனா, முடிஞ்ச வரைக்கும் சாவிகளைத் தேடி எடுங்க. சந்தை மூடாதுதான். ஆனா வளையம் கழன்ற ஒருத்தருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.